மேனேஜருடன் நடப்போம்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

நேற்று மாலை எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் நிர்வாகக் குழு கூடி, வரவேற்பறை வாசலில் போடும் மிதியடி இனி பழுப்பு நிறத்தில் இருக்கும் என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. ஏகமனது என்பது கடைசி நிமிடத்து நிலவரம். அதற்கு முன்னால் சாம்பல் நிறத்துக்கு ஒரு கட்சியும் கரும்பச்சைக்கு ஒரு கட்சியும் இருந்தன. மிதியடியே எதற்கு, எல்லோரும் காலைக் கழுவிக்கொண்டு வரட்டும் என்று ஒருவர் தனித்து நின்றார். இதைவிடக் குறைந்த பேச்சில் நாடுகள் பிரிந்திருக்கின்றன. பொருளாளர் வெளிநடப்புச் செய்தார். வெளியே மழை பெய்ததால் திரும்பி வந்தார். வந்தவருடைய காலடித் தடம் தரையில் பழுப்பாகப் பதிந்தது. எல்லோரும் அதைப் பார்த்தோம். தீர்மானம் நிறைவேறியது.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கியது நான். ஆமாம், போன வாரம் என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். காலமெல்லாம் மயக்க மருந்து டாக்டராக இருந்தவள் நான். என் எதிரில் படுத்தவர் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. இங்கே எல்லோரும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அதுதான் சிரமம். ஆகையால் குடியிருப்புச் சங்கங்களின் நிர்வாகிகளுக்காக நடக்கும் தலைமைப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். சனிக்கிழமை தோறும் வகுப்பு. முடிவில் சான்றிதழ் உண்டு.

என் முதல் கவலை எங்கள் மேனேஜர். நல்ல மனிதர், வாயைத்தான் திறக்க மாட்டார்.

“லிஃப்ட்ல லைட்டு மினுக்குது.”

“பார்க்கலாம் மேடம்.”

“எதை, மினுக்குறதையா?”

“அதையும்தான் மேடம்.”

நீயும் இதே தொழிலில் பல வருடமாக இருக்கிறவன். ஒரு மேனேஜரை எப்படிப் பேசவைப்பது, சொல். போனில் கேட்டால் நீ ‘ம்’ என்பாய். கடிதத்தில் யாராலும் ‘ம்’ என்று மட்டும் எழுதி அனுப்ப முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். அத்தானின் பல்வலி குறைந்ததா?

நீ தலைவரானது மிகவும் சந்தோஷம். எங்கள் தொழிலில் இரண்டு வகை மேனேஜர்கள் உண்டு. பேசி வேலையை இழந்தவர்கள் ஒரு வகை, பேசாமல் வேலை பார்க்கிறவர்கள் இன்னொரு வகை. உன் மேனேஜர் அனுபவசாலி என்று தோன்றுகிறது.

எங்கள் தலைவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும். போன வாரம் நிறுத்தியிருந்த கார்களுக்கு இடையே உள்ள தூரத்தையெல்லாம் அளந்து, “மேனேஜர், இதுல நியாயமே இல்லையே” என்று வருத்தப்பட்டார். மற்றபடி தங்கமான மனிதர்.

எனக்குக் குறை ஒன்றும் இல்லை. தினமும் காலையில், குடியிருப்பு விழிப்பதற்கு முன்னால், தனியாக ஒரு ரவுண்டு போவேன். மொட்டைமாடித் தொட்டிகளில் தொடங்கி, ஒவ்வொரு மாடியாக இறங்கி, கீழே பம்ப் அறையில் முடியும். அந்த ஒரு மணி நேரம் என்னை யாரும் ‘மேனேஜர் சார்’ என்று கூப்பிடுவதில்லை. மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்பேன். அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் மிச்ச நாளை ஓட்டுகிறேன்.

இந்த வருடம் ஆகஸ்ட் பொதுக்குழுவில் என் ஒப்பந்தம் நீட்டிப்புக்கு வருகிறது. குடியிருக்கும் வீடும் வேலையோடு சேர்ந்தது என்பதால் உன் தம்பி மனைவி ஒப்பந்த வருடங்களில் புதுத் திரைச்சீலை வாங்குவதில்லை. இதுவரை இரண்டு முறை நீட்டித்திருக்கிறார்கள். இந்த முறையும் செய்வார்கள்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்லவும்.

அன்புள்ள,
தம்பி


மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் அத்தான் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டார். இப்போது இன்னொரு பல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

வகுப்பு பிரமாதம். கூட்டத்தை எப்படித் தொடங்குவது என்பதை ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். எப்படி முடிப்பது என்பதற்கு மூன்று வாரம். போன சனிக்கிழமை உறவினர் விதி: நிர்வாகக் குழுவில் இருக்கும் யாருடைய சொந்தக்காரரும் அந்தச் சங்கத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. ஒரு செயலாளர் பதறி எழுந்தார்.

“மச்சினன் சொந்தக்காரனா சார்?”

“அதை உங்க வீட்டுலதான் கேக்கணும்” என்றார் பயிற்சியாளர்.

நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் குடியிருப்பில் புதிதாக ஒரு நடைமுறையைக் கொண்டுவர வேண்டும், அதற்குப் பரிசு உண்டு. என் திட்டத்தின் பெயர் ‘மேனேஜருடன் நடப்போம்’. தினமும் மேனேஜர் ரவுண்டு போகும்போது, முறை வைத்து, ஒரு வீட்டார் கூடவே போக வேண்டும். கண்ணில் பட்டதைக் குழுவிடம் சொல்ல வேண்டும். நம்பிக்கை வளரும், பேச்சு வளரும்.

இதற்கு விதை போட்டவன் நீதான். உன் காலை ரவுண்டைப் பற்றிப் படித்ததுமே தோன்றியது: இவ்வளவு நல்ல விஷயத்தை ஒரே ஆள் தனியாக அனுபவிக்கலாமா? ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் ரவுண்டு போனால் பின்னால் ஆறு பேராவது வருவார்கள். தனியாகப் போகிற டாக்டரைப் பார்த்தால் நோயாளிக்கே சந்தேகம் வந்துவிடும். மேனேஜருக்கும் அந்த மரியாதை கிடைக்கட்டும்.

எங்கள் மேனேஜரிடம் சொன்னேன். “பார்க்கலாம் மேடம்” என்றார்.

உன் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் எழுது.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தொட்டிகளைக் கழுவும் வேலை இருந்தது.

உன் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். நன்றாக யோசித்திருக்கிறாய். கூட வருகிறவர்களை மொட்டைமாடி ஏணியில் ஏறும்போது செருப்பைக் கழற்றச் சொல், வழுக்கும். வேறொன்றும் தோன்றவில்லை.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மாலையில் நல்ல காற்று வருகிறது. பக்கத்துக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள். உன் தம்பி மனைவி புதிதாக ஒரு கண்ணாடி போட்டிருக்கிறாள். போட்டதிலிருந்து வீடு அழுக்காக இருக்கிறது என்கிறாள். அத்தானின் இன்னொரு பல் என்ன ஆயிற்று?

அன்புள்ள,
தம்பி


ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலத்துக்கு மேலும் கொஞ்சம்.

என் திட்டத்துக்கு முதல் பரிசு! கண்ணாடியில் செய்த கேடயம் கொடுத்தார்கள். தூக்கிவர ஆள் வைக்க வேண்டியிருந்தது. பயிற்சியாளர் அதோடு விடவில்லை. எல்லா ஊர்க் கிளைகளிலும் இதைப் பாடமாகவே வைத்துவிட்டார்.

இன்னொரு அதிசயம், எங்கள் மேனேஜர் பேசுகிறார். ஒன்பதாம் மாடி அம்மாள் கூடப் போனபோது, “இந்தக் குழாய் எங்க போகுது?” என்று கேட்டிருக்கிறாள். இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. அன்றைக்குத் திறந்த வாய் இன்னும் மூடவில்லை. நேற்று உன் அத்தானின் முறை. திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: “அந்த மனுஷன் சாக்கடையைப் பத்திப் பேசினா கச்சேரி கேக்கற மாதிரி இருக்கு. நீயும் இருக்கியே.”

உண்மையைச் சொல்கிறேன், தம்பி. ஆஸ்பத்திரியில்கூட நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அங்கே என் வேலை நன்றாக நடந்தால் யாருக்கும் அது நினைவிருக்காது. இங்கே லிஃப்டில் ஏறினால் நாலு பேர் நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள். அடுத்த மூன்று வருடமும் இந்த நாற்காலியை விடுவதாக இல்லை.

அன்புடன்,
அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பரிசுக்கு வாழ்த்துகள். உன் தம்பி மனைவியும் சந்தோஷப்பட்டாள். பரிசு கிடைத்தது என்றுதான் அவளிடம் சொன்னேன், விவரமாகச் சொல்லவில்லை.

எங்கள் தலைவரும் இந்த ஊர்க் கிளையில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறார். இரண்டு வாரமாக இங்கே ஒரு புதிய நடைமுறை வந்திருக்கிறது. பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் தலைவரே வந்தார், நாடாவுடன். அடுத்த நாள் வந்த பாட்டு டீச்சர், பம்ப் அறையில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, “சுருதி சேரலையே” என்றார். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மொட்டைமாடியில் ஏதோ பழைய சண்டையைத் தொடங்கி, கார் நிறுத்தும் இடத்தில் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். நேற்று வக்கீல்.

“இந்த வால்வு எப்பலேர்ந்து இங்க இருக்கு?”

“கட்டினதுலேர்ந்து சார்.”

“நீங்க பார்த்தீங்களா?”

“இல்ல சார்.”

“அப்ப எப்படிச் சொல்றீங்க?”

எல்லோருக்கும் குடியிருப்பின் மேல் அக்கறை வந்திருக்கிறது. ரவுண்டு முடிய மத்தியானம் ஆகிவிடுகிறது. நடப்பது உடம்புக்கு நல்லதுதானே. பொதுக்குழு ஆகஸ்ட் கடைசி ஞாயிறு.

அன்புள்ள,
தம்பி


ஜூலை 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வால்வு வந்த இடத்தில் அவருக்குப் புரையேறிவிட்டது.

பார்த்தாயா, கடைசியில் என் யோசனை உன் வாசலுக்கே வந்துவிட்டது! இனி உனக்கு என்ன கவலை? இருநூறு வீட்டுக்காரர்களும் நீ படும் பாட்டை நேரில் பார்க்கிறார்கள். பொதுக்குழுவில் அவர்களே எழுந்து பேசுவார்கள். உன் தலைவரிடம், “இது எங்க அக்கா யோசனை சார்” என்று ஒரு வார்த்தை போட்டுவை. கூச்சப்படாதே. சின்ன வயதிலிருந்து உனக்கு அதே வியாதி. பசி என்றுகூடச் சொல்ல மாட்டாய், அடுக்களை வாசலில் போய் நிற்பாய்.

முடிவு தெரிந்ததும் எழுது.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ நலமா? பதிலே காணோம். போன் செய்தால், “எல்லாம் நல்லபடியா இருக்குக்கா, லைன் சரியில்ல” என்கிறாய். லைன் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நீட்டித்திருப்பார்கள், அதில் என்ன சந்தேகம். இருந்தாலும் ஒரு வரி எழுதினால் குறைந்தா போவாய்?

இங்கே ஒரு நஷ்டம். எங்கள் மேனேஜரைப் பயிற்சி நிலையத்தாரே கொத்திக்கொண்டு போய்விட்டார்கள். மேனேஜர்களுக்கு அவர் வகுப்பு எடுக்கப் போகிறார். பாடம், ‘குடியிருப்போரிடம் பேசுவது எப்படி’. போகாதீர்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். “பார்க்கலாம் மேடம்” என்றார். மறுநாள் சாவியைக் கொடுத்துவிட்டார்.

இப்போது இடம் காலி. உனக்குத் தெரிந்த நல்ல மேனேஜர் யாராவது, வேலை தேடிக்கொண்டு, எங்கேயாவது இருந்தால் சொல்லேன்.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 17

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணாவும் சௌக்கியமா? நான் எழுதுவது இவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

உங்கள் கடைசிக் கடிதத்தை இவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறார், பதில் எழுதுவதில்லை. ஆகஸ்ட் கூட்டத்தில் இவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை, அண்ணி. இவர் மேல் யாருக்கும் கோபம் இல்லை. கூட நடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, தாங்கள் பார்த்த ஒரே ஒரு குறையைச் சொன்னார்கள். பம்ப் அறைச் சுவரில் ஈரம், மாடிக் கதவு கிறீச்சிடுகிறது, இப்படி. எல்லாம் உண்மைதான். எந்தக் கட்டடத்தில் இல்லை? ஒருவர் சொன்னால் அது கதவின் குறை. அத்தனை பேரும் சொன்னதும் அது மேனேஜரின் குறை ஆகிவிட்டது. இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். முடிந்ததும் தலைவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அக்டோபர் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இந்த வயதில் இவரை யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்று தெரியவில்லை. என்னிடம் சிரித்த முகமாகத்தான் இருக்கிறார். ஆனால் காலையில் பழக்கதோஷத்தில் சீக்கிரம் எழுந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

“அந்தக் கூட நடக்கிற திட்டத்தை எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சான்?” என்று ஒருநாள் கேட்டேன். “யாரோ நல்லா படிச்சவங்க” என்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அந்தப் படித்தவர் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.

மனம் கேட்காமல் எழுதிவிட்டேன். கவலைப்பட வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


செப்டம்பர் 28

அன்புள்ள தம்பிக்கு,

நலம், மூட்டு வலியைத் தவிர. திடீரென்று பிடித்துக்கொண்டது. தலைவர் வேலைக்கு ஏறி இறங்க வேண்டியிருப்பதால் பதவியிலிருந்தும் நிர்வாகக் குழுவிலிருந்தும் விலகிவிட்டேன். நாலாம் மாடிப் பல் டாக்டர் இப்போது தலைவர். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பேசவிடாமல் செய்கிற தொழில் அவருடையது, சங்கத்துக்குப் பொருத்தமானவர்.

விலகுவதற்கு முன்னால் என் கடைசித் தீர்மானம் நிறைவேறியது. ‘மேனேஜருடன் நடப்போம்’ கைவிடப்பட்டது. காலை ரவுண்டை மேனேஜர் தனியாகவே போவார். கட்டடம் தீப்பற்றினால் ஒழிய, அந்த நேரத்தில் அவரை யாரும் கூப்பிடக் கூடாது. பொருளாளர் ஆட்சேபித்தார்.

“நீங்க கொண்டுவந்த திட்டம்தானே மேடம்? பரிசெல்லாம் வாங்கினீங்களே?”

“நோயாளிக்கு ஒத்துக்கலைன்னா மருந்தை நிறுத்தறதுதான் வைத்தியம்” என்றேன்.

“இங்க யாருக்கு மேடம் ஒத்துக்கல?”

உடனே வாக்கெடுப்புக்கு விட்டேன். தலைவருக்கு அந்த உரிமை உண்டு, அன்றைக்கு இன்னும் நான்தான் தலைவர். பயிற்சியாளருக்கும் எழுதி, பாடத்திலிருந்து அதை எடுக்கச் சொல்லிவிட்டேன். கேடயம் உன் அத்தானின் அறைக் கதவுக்கு முட்டாக இருக்கிறது. நன்றாகத் தாங்குகிறது.

மேனேஜர் இடம் இன்னும் காலிதான். விண்ணப்பங்களைப் பல் டாக்டர் பார்க்கிறார். எனக்கு அதில் எந்தச் சம்பந்தமும் கிடையாது, நான் கூட்டத்துக்கே போவதில்லை. குழுவில் இருக்கும் யாருக்கும் நம் குடும்பத்தோடு எந்த உறவும் இல்லை. மேனேஜருக்குக் கொடுக்கிற வீடு தரைத்தளத்தில், என் ஏழாம் மாடி பால்கனிச் செடிகளுக்கு நேர் கீழே இருக்கிறது. இரண்டு அறை. சமையலறையில் காலை வெயில் விழும். திரைச்சீலைதான் பழசு, வருகிறவர்கள் மாற்றிக்கொள்ளலாம். கடைசித் தேதி அக்டோபர் பத்து.

உனக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லிவை.

அன்புடன்,
அக்கா


அக்டோபர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் விண்ணப்பித்தார். பல் டாக்டர் வீடியோவில் அரை மணி நேரம் பேசினார். கடைசியில், “உங்களப் பத்தி உங்க பழைய தலைவர் எட்டுப் பக்கம் புகழ்ந்து எழுதியிருக்காரு. அப்புறம் ஏன் அனுப்பினாங்க?” என்று கேட்டார். “குறை இருந்துச்சு சார், எல்லாரும் பார்த்துட்டாங்க” என்றேன். சிரித்துவிட்டு, நவம்பர் முதல் தேதி வரச் சொல்லிவிட்டார். முன்னாள் தலைவர் ஒருவரின் தம்பி என்பதையும் சொன்னேன். “முன்னாள்தானே?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

சமையலறை வெயிலைப் பற்றி நீ எழுதியிருந்ததை இங்கே படித்துக் காட்டினேன். உன் தம்பி மனைவி சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். இந்த வீட்டிலிருந்து யாரோ யாருக்கோ கடிதம் எழுதியிருக்கிறார்கள். நான் விசாரிக்கவில்லை. இப்போது திரைச்சீலைத் துணி பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாதி நேரம் பாட்டு. நடுவில், “அந்தப் படிச்சவங்க யாருன்னு தெரிஞ்சுதா?” என்று கேட்டாள். ஊரை விட்டே போகிறோம், இனி எதற்கு என்றேன்.

உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? போன வாரம் அத்தானிடம் போனில் விசாரித்தேன். “எந்த மூட்டு?” என்றார்.

மற்றவை நேரில். நேரிலும் இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அன்புள்ள,
தம்பி


பிப்ரவரி 6

குடியிருப்போர் சங்க அலுவலகம்

பெறுநர்: உரிமையாளர், ஏழாம் மாடி, இடப்பக்க வீடு

அம்மையீர்,

தங்கள் பால்கனியில் உள்ள செடிகளுக்கு விடப்படும் தண்ணீர் கீழே வழிந்து, ஆறாம் மாடி வீட்டில் காயப்போட்டிருக்கும் துணிகளின் மேல் விழுவதாக எழுத்து மூலம் புகார் வந்துள்ளது. இது இரண்டாவது புகார். செடித் தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். புதன்கிழமை நேரில் பார்வையிடப்படும்.

இப்படிக்கு,
மேலாளர்